லேக் பிளாசிட் 1980: அந்த 4-3 ஆட்டத்தை முழுசாகப் பார்ப்பது எப்படி

ஐஸ் ஹாக்கியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள்கூட இந்த ஆட்டத்தின் கடைசிப் பத்து விநாடிகளை எங்காவது பார்த்திருப்பார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்கிறார்கள். அதிசயங்களை நம்புகிறீர்களா என்று வர்ணனையாளர் கத்துகிறார். நாள் 1980 பிப்ரவரி 22, வெள்ளிக்கிழமை. இடம் நியூயார்க் மாநிலத்து லேக் பிளாசிட் என்ற சின்ன ஊர், குளிர்கால ஒலிம்பிக்ஸ். பெரும்பாலும் கல்லூரிப் பையன்களை வைத்துக் கட்டிய அமெரிக்க அணி, அதற்கு முந்தைய நான்கு ஒலிம்பிக்ஸிலும் (1964, 68, 72, 76) தங்கம் வென்றிருந்த சோவியத் அணியை 4-3 என்று தோற்கடித்தது.

அந்தத் துண்டை மட்டும் பார்த்தால் கொண்டாட்டம்தான் கிடைக்கும். எப்படி ஜெயித்தார்கள் என்பது மிச்சம் 59 நிமிடம் 50 விநாடியில் இருக்கிறது. கோலை நோக்கி சோவியத் அடித்தது 39. அமெரிக்கா அடித்தது 16. இந்தக் கணக்கோடு ஓர் அணி எப்படி ஜெயிக்கும்? ஒரு மாலைப்பொழுது, ஒரு வெள்ளைத்தாள், பென்சில், செல்போனில் ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தால் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் சரியான வீடியோ

தேடினால் முதலில் வந்து விழுபவை இரண்டு நிமிட, பத்து நிமிடத் தொகுப்புகள். அவை வேண்டாம். இதை வைத்து எடுத்த சினிமாவும் இந்த வேலைக்கு உதவாது. முழு ஆட்டப் பதிவைத் தேடுங்கள். 20 நிமிடப் பகுதிகள் மூன்று, ஆக ஆட்ட நேரமே 60 நிமிடம். விசில் அடித்து நிற்கும் நேரம் தனி. எனவே ஒரு மணி நேரத்துக்குக் குறைவான எந்தப் பதிவும் முழு ஆட்டமாக இருக்க முடியாது.

நீளமான பதிவிலும் வெட்டு இருக்கலாம். ஆட்டம் நடந்தது உள்ளூர் நேரம் மாலை 5 மணிக்கு. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான ஏபிசி அதை இரவு 8 மணிக்குத் தள்ளிவைக்கக் கேட்டது. அப்போது மாஸ்கோவில் அதிகாலை 4 மணி என்பதால் சோவியத் தரப்பு மறுத்துவிட்டது. அதனால் அமெரிக்கர்கள் வீட்டில் பார்த்தது இரவில் போட்ட பதிவுதான். நேரலையாகப் பார்த்தவர்கள் பக்கத்து நாடான கனடாக்காரர்கள். (நம்மூர்க் கணக்கில் ஆட்டம் தொடங்கியது 23-ஆம் தேதி அதிகாலை 3:30.) உங்கள் கையில் இருப்பது முழுசுதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஏழு கோலும் வருகின்றனவா என்று வேகமாக ஓட்டி எண்ணுங்கள். பிறகு முதல் பகுதி முடிவில், கோல் விழுந்த பின்னும் மிச்சமிருந்த ஒரே ஒரு விநாடிக்காக ஆட்டக்காரர்களைத் திரும்பக் கூப்பிடும் காட்சி இருக்கிறதா என்று பாருங்கள். அவசரமாக வெட்டியவர்கள் முதலில் தூக்கி எறிவது அதைத்தான்.

இரண்டு சின்ன விஷயங்கள். பழைய பதிவின் படம் 4:3 (அகலத்துக்கு உயரம்) அளவில் இருக்கும். டிவி அதை அகலத்துக்கு இழுத்துக் காட்டினால் ஆட்டக்காரர்கள் குட்டையாகத் தெரிவார்கள், வேகமும் தப்பாகத் தெரியும். திரை அளவை மாற்றிவிடுங்கள். அடுத்தது, பக் (பந்துக்குப் பதிலாக இதில் அடிப்பது) கண்ணுக்குச் சிக்காது. கேரம் ஸ்டிரைக்கரைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் எப்படியிருக்குமோ அதுதான் பக்: 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், கறுப்பு ரப்பர். பழைய வீடியோவில் அது ஒரு புகைக்கோடு. அதைத் துரத்தாதீர்கள். பத்துப் பேரும் எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறார்கள் என்று பாருங்கள், பக் அங்கேதான் இருக்கும். கால் மணி நேரத்தில் கண் பழகிவிடும்.

தாளைத் தயார்செய்தல்

200 அடி நீளத் தளத்தை 20 செ.மீ. நீளச் செவ்வகமாக வரையுங்கள், மூலைகளை வளைத்துவிடுங்கள். ஒரு செ.மீ. பத்து அடி. நடுவில் ஒரு சிவப்புக் கோடு. இரு முனைகளிலிருந்தும் ஏறக்குறைய 7 செ.மீ. தள்ளி ஒவ்வொரு நீலக்கோடு. முனைகளுக்குச் சற்று உள்ளே கோல் கோடு. கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம்தான். ஒரு கோல்கீப்பர் மண்டியிட்டால் பாதி மறைந்துவிடும். அதை மனதில் வைத்தால் எட்டத்திலிருந்து அடிக்கும் அடி உள்ளே போவது எவ்வளவு அபூர்வம் என்று புரியும்.

இப்படி மூன்று தாள், பகுதிக்கு ஒன்று. ஒரு பக்கத்தில் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்கர்கள் வெள்ளைச் சட்டை: 30 ஜிம் கிரெய்க் (கோல்கீப்பர்), 21 மைக் எரூசியோனி (கேப்டன்), 10 மார்க் ஜான்சன், 16 மார்க் பாவெலிச், 25 பஸ் ஷ்னைடர், 28 ஜான் ஹாரிங்டன், 8 டேவ் சில்க், 23 டேவ் கிறிஸ்டியன், 3 கென் மாரோ, 5 மைக் ராம்சி. சோவியத் சிவப்புச் சட்டை: 20 விளாதிஸ்லாவ் திரெத்தியாக் (கோல்கீப்பர்), 13 போரிஸ் மிகாய்லோவ் (கேப்டன்), 16 விளாதிமிர் பெத்ரோவ், 17 வலேரி கர்லாமோவ், 24 செர்கெய் மகாரோவ், 2 வியாசெஸ்லாவ் ஃபெத்திசோவ். இத்தனை பேர் போதும். எல்லோரையும் மனப்பாடம் செய்யப் போனால் ஆட்டம் ஓடிவிடும்.

ஒரு குழப்பம் நிச்சயம் வரும். அதிகாரபூர்வப் பதிவில் கோல் நேரம் என்பது பகுதி தொடங்கியதிலிருந்து கழிந்த நேரம். திரையிலும் வர்ணனையிலும் மீதி நேரம் வரலாம். முதல் கோல் விழும்போது கடிகாரம் 9:12 என்று காட்டினால் அது கழிந்த நேரம், 10:48 என்றால் மீதி நேரம். இதை அங்கேயே தீர்த்துக்கொண்டால் பிறகு தலைவலி இல்லை. இந்தக் கட்டுரையில் எல்லாமே கழிந்த நேரம்.

நான்கே விதிகள்

தளத்தில் ஒரு அணிக்கு ஆறு பேர்: கோல்கீப்பர், தற்காப்பில் இருவர், முன்னால் மூவர். முன்னால் ஆடும் மூவருக்கு லைன் என்று பெயர். ஆட்டம் ஓடும்போதே லைன் மாறலாம், நடுவரைக் கேட்க வேண்டியதில்லை. ஒரு லைன் ஒருமுறை தளத்தில் இருக்கும் நேரம்தான் ஷிஃப்ட். இன்றைக்கு நீங்கள் அளக்கப்போவதும் அதைத்தான்.

ஆஃப்சைடு: எதிரணியின் நீலக்கோட்டைப் பக் தாண்டும் முன் தாக்கும் ஆள் தாண்டக்கூடாது. ஐசிங்: நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து பக்கை மறுமுனைவரை வெறுமனே அடித்துத் தள்ளினால் விசில், ஃபேஸ்-ஆஃப் (இரு அணி ஆட்களுக்கு நடுவில் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவது) உங்கள் கோலுக்குப் பக்கத்தில். மூன்றாவது விதி இன்றைய ஆட்டம் பார்ப்பவர்களுக்குப் புதிது. அன்று ஒரே பாஸ் தன் நீலக்கோட்டையும் நடுச் சிவப்புக்கோட்டையும் சேர்த்துத் தாண்டக்கூடாது. சர்வதேச ஆட்டத்தில் இதை எடுத்தது 1998-இல்தான். நீளமான பாஸ் கிடையாது என்பதால் நடுத்தளம் எப்போதும் நெரிசலாக இருக்கும். அதைக் கடக்க ஆட்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிப் பின்னி ஓட வேண்டும். சோவியத் அணி இதில் கரைகண்டது. வட அமெரிக்க வழக்கமோ பக்கை முன்னால் அடித்துவிட்டுத் துரத்துவது. அமெரிக்கப் பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ் அந்த வழக்கத்தை விட்டுவிட்டு எதிரியின் பின்னலையே தன் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

நான்காவது, பெனால்டி. கபடியில் ஆள் வெளியே போனால் மிச்சம் பேர் சமாளிப்பது போலத்தான். தப்புச் செய்தவர் 2 நிமிடம் வெளியே உட்காருவார், எதிரணிக்கு ஒரு ஆள் கூடுதல். இதுதான் பவர் பிளே. அதற்குள் கோல் விழுந்துவிட்டால் வெளியே இருப்பவர் உடனே உள்ளே வரலாம். இந்த ஆட்டத்தின் ஏழு கோலில் இரண்டு இப்படி வந்தவை, ஆளுக்கொன்று.

ஆரம்பிக்கும் முன் தெரிய வேண்டியது

சோவியத் அணி பேருக்கு அமெச்சூர். நடைமுறையில் பெரும்பாலானவர்கள் சிஎஸ்கேஏ என்ற ராணுவக் கிளப்பில் ஆண்டு முழுக்கச் சேர்ந்தே ஆடியவர்கள். 1979-இல் வட அமெரிக்காவின் தொழில்முறை நட்சத்திர அணியை அதன் சொந்த மண்ணிலேயே 6-0 என்று அடித்தார்கள். ஒலிம்பிக்ஸ் ஹாக்கி தொடங்க மூன்று நாள் முன்பு, பிப்ரவரி 9 அன்று, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இதே அமெரிக்க அணியை 10-3 என்று துவைத்து எடுத்தார்கள். அந்த ஆட்டம் கிடைத்தால் ஒரு பத்து நிமிடம் பாருங்கள். அமெரிக்கர்கள் நின்று வேடிக்கை பார்ப்பது போலவே தெரியும். 13 நாள் கழித்து அதே ஆட்களைப் பார்க்கும்போது அந்தப் பத்து நிமிடம் உதவும்.

ஒலிம்பிக்ஸில் அமெரிக்கா முதல் ஐந்து ஆட்டத்தில் நான்கை வென்று ஒன்றைச் சமன் செய்திருந்தது. ஸ்வீடனோடு 2-2, செக்கோஸ்லோவாக்கியாவை 7-3, நார்வேயை 5-1, ருமேனியாவை 7-2, மேற்கு ஜெர்மனியை 4-2. ஸ்வீடன் ஆட்டத்தில் பில் பேக்கர் சமன் செய்தது முடிய 27 விநாடி இருக்கும்போது. மேற்கு ஜெர்மனி 2-0 என்று முன்னிலையில் இருந்தது. மொத்தம் ஆடிய ஏழு ஆட்டத்தில் ஆறில் அமெரிக்கா பின்தங்கிப் பிறகு எழுந்தது. பின்தங்குவது அவர்களுக்குப் புதிதல்ல என்பதை நினைவில் வைத்தால், அன்றைய ஆட்டத்தில் மூன்று முறை பின்தங்கியும் அவர்கள் முகத்தில் பதற்றம் இல்லாதது ஆச்சரியமாக இருக்காது.

முதல் பகுதி: ஷாட் எண்ணுங்கள்

கோலை நோக்கி வரும் ஒவ்வொரு அடிக்கும் தாளில் அது கிளம்பிய இடத்தில் ஒரு புள்ளி. கோல்கீப்பர் தடுத்தது, உள்ளே போனது இரண்டுக்கும் மட்டும். கம்பத்தில் பட்டது, வெளியே போனது, இடையில் தற்காப்பு ஆள் உடம்பை வைத்துத் தடுத்தது எதுவும் கணக்கில் வராது. புதிதாக எண்ணுபவர்கள் அவற்றையும் சேர்த்துவிடுவதால்தான் எண்ணிக்கை எகிறும். முதல் பகுதியில் சோவியத் 18, அமெரிக்கா 8. உங்கள் கணக்கு இரண்டு மூன்று கூடக்குறைய வந்தால் பரவாயில்லை. 25 வந்தால் விதியைத் திரும்பப் படியுங்கள்.

9:12-இல் சோவியத்தின் கசத்தோனோவ் தூரத்திலிருந்து அடித்ததை வழியில் குருத்தோவ் ஸ்டிக்கால் லேசாகத் திருப்பிவிட, 1-0. கோல்கீப்பர் முதல் திசைக்கு நகர்ந்துவிட்டார், அவ்வளவுதான். 14:03-இல் ஷ்னைடர் இடப்பக்கமாக ஓடிவந்து சுமார் 50 அடியிலிருந்து வீசினார், திரெத்தியாக்கைத் தாண்டியது. உலகின் தலைசிறந்த கோல்கீப்பர் என்று பேரெடுத்தவர் விடக்கூடிய அடியல்ல அது. இங்கேயே ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும். 17:34-இல் மகாரோவ், 2-1.

இனி 19:50-க்கு வந்ததும் வேகத்தை 0.25-க்குக் குறையுங்கள். யூடியூபில் என்றால் நிறுத்திவிட்டு, கணினி விசைப்பலகையில் புள்ளி விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு சட்டகமாக முன்னால் போகும், கமா விசை பின்னால் கொண்டுவரும். இந்தப் பத்து விநாடி ஆட்டம் முழுவதற்கும் சாவி.

கிறிஸ்டியன் நடுத்தளத்திலிருந்து, ஏறக்குறைய 100 அடி தூரத்திலிருந்து, ஓங்கி அடிக்கிறார். நேரம் முடியப்போகிறது, சும்மா அடித்து வைப்போம் என்ற அடி. திரெத்தியாக் தடுத்துவிடுகிறார், ஆனால் பக்கைப் பிடித்து அமுக்கவில்லை. அது தெறித்து அவருக்கு முன்னால் சுமார் 20 அடியில் விழுகிறது. இப்போது பக்கை விட்டுவிட்டு இரண்டு சிவப்புச் சட்டைகளைப் பாருங்கள், பெர்வூகினும் பில்யலெத்தினோவும். இருவர் காலும் தளர்ந்துவிட்டது. பகுதி முடிந்தது என்று உடம்பு முடிவுசெய்துவிட்டது. ஜான்சன் மட்டும் நிறுத்தவில்லை. அடி கிளம்பியதுமே ஓட ஆரம்பித்தவர், அந்த இருவருக்கும் நடுவில் புகுந்து, தெறித்த பக்கை எடுத்துத் திரெத்தியாக்கைத் தாண்டி உள்ளே தள்ளுகிறார். 19:59. மிச்சம் ஒரு விநாடி.

சோவியத் அணி உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டது. அந்த ஒரு விநாடி ஃபேஸ்-ஆஃபுக்காகச் சிலரைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். இதை முதல்முறை சாதாரண வேகத்திலும் இரண்டாம் முறை மெதுவாகவும் பாருங்கள். முதல்முறை அதிர்ஷ்டம் போலத் தெரிவது, இரண்டாம் முறை ஒருவர் ஓடினார், இருவர் நின்றார்கள் என்று தெரியும்.

இரண்டாம் பகுதி: கோல்கீப்பர்களை மட்டும்

பகுதி தொடங்கும்போது சிவப்பு அணியின் கோலில் 20-ஐத் தேடினால் கிடைக்காது. பயிற்சியாளர் விக்டர் தீகனோவ், திரெத்தியாக்கை வெளியே எடுத்து விளாதிமிர் மிஷ்கினை நிறுத்திவிட்டார். முன்சொன்ன 6-0 ஆட்டத்தில் ஒரு கோலும் விடாமல் நின்றவர் இதே மிஷ்கின்தான், எனவே முடிவு முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் தன் வாழ்நாளின் பெரிய தவறு இது என்று தீகனோவே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். மிஷ்கின் மோசமாக ஆடினார் என்பதல்ல சங்கதி. இரண்டாம் பகுதி முழுக்க அவரிடம் வந்த அடி இரண்டே இரண்டு. உட்கார்ந்தே இருந்து உறைந்துபோன ஒருவரை, ஆட்டம் சூடேறிய மூன்றாம் பகுதியில் திடீரென்று சோதித்தார்கள். கோல்கீப்பர் வேலை தெரிந்தவர்கள் சொல்வார்கள்: நிறைய அடி வாங்குபவருக்குத்தான் கை சூடாக இருக்கும்.

இந்தப் பகுதியில் ஷாட் 12-2. 2:18-இல் பவர் பிளேயில் சோவியத்தின் மால்ட்செவ் அடித்து 3-2. அதற்குப் பிறகு கோலே இல்லை. சலிப்பாக இருக்கிறது என்று ஓட்டிவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு அதுதான். இந்த 18 நிமிடம் முழுக்க 30-ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். மூன்று கேள்விகள்: அடி கிளம்பும்போது கிரெய்க் கோல் கோட்டிலேயே நிற்கிறாரா, முன்னால் வந்து கோணத்தைக் குறைக்கிறாரா? தடுத்த பக் எங்கே போகிறது, ஓரத்துக்கா, நேர் முன்னாலா? தெறித்ததை முதலில் தொடுபவர் வெள்ளையா சிவப்பா? திரெத்தியாக் முதல் பகுதி முடிவில் தெறிக்கவிட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாளில் உங்கள் புள்ளிகளையும் பாருங்கள். கோலுக்கு நேர் முன்னால் எத்தனை, ஓரங்களில் எத்தனை? 39 என்ற எண் பயமுறுத்துவது. எந்த இடத்திலிருந்து என்று பார்த்தால்தான் மாரோ, ராம்சி போன்ற தற்காப்பு ஆட்கள் செய்த வேலை தெரியும். ராம்சிக்கு அப்போது வயது 19.

மூன்றாம் பகுதி: ஸ்டாப்வாட்ச்

தாளை ஓரமாக வையுங்கள். வெள்ளை லைன் ஒன்று தளத்தில் இறங்கியதும் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள், வெளியேறியதும் நிறுத்துங்கள். ஐந்தாறு முறை அளந்துவிட்டு சிவப்புக்கும் அதையே செய்யுங்கள். கேமரா பெஞ்சைக் காட்டாதபோது அளவு தவறும். மூன்று பேரில் ஒருவருடைய எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் ஓரளவு சரியாக வரும். புரூக்ஸின் திட்டம் குறுகிய ஷிஃப்ட், 40 விநாடியை ஒட்டி. யாரும் களைக்கும்வரை நிற்கக்கூடாது, நான்கு லைனும் சுற்றிச்சுற்றி இறங்க வேண்டும். எதிரே தீகனோவ், ஆட்டம் கைநழுவ ஆரம்பித்ததும் மிகாய்லோவ், பெத்ரோவ், கர்லாமோவ் என்ற பழுத்த மூவரை அதிகம் நம்பினார். மூவரும் முப்பதைத் தாண்டியவர்கள்.

6:47-இல் குருத்தோவுக்குப் பெனால்டி, ஸ்டிக்கை உயர்த்தியதற்கு. அது முடிய வேண்டியது 8:47. 8:39-இல், எட்டு விநாடி மிச்சமிருக்கையில், சில்க் கீழே விழுந்துகொண்டே தள்ளிவிட்ட பக் ஜான்சனிடம் வந்தது. மிஷ்கினுக்கு அடியில் போனது. 3-3.

அடுத்த 81 விநாடியை நிறுத்தாமல் பாருங்கள். ஹாரிங்டனும் பாவெலிச்சும் ஓரச்சுவரில் பக்குக்காக மல்லுக்கட்டுகிறார்கள். எரூசியோனி அப்போதுதான் பெஞ்சிலிருந்து இறங்கியவர், கால் புதுசு. பாவெலிச் கிட்டத்தட்ட விழுகிற நிலையில் நடுவை நோக்கித் தள்ளிவிடுகிறார். கோலுக்கு நேர் எதிரே எரூசியோனியைச் சுற்றி யாருமில்லை. எதிரே பெர்வூகின் நிற்கிறார், ஆனால் அவர் தடுப்பதைவிட மிஷ்கின் கண்ணை மறைப்பதுதான் அதிகம். அந்த மறைப்பைப் பயன்படுத்தி எரூசியோனி அடிக்கிறார், 4-3. கடிகாரம் சரியாக 10:00. அமெரிக்கா அன்று முதல்முறையாக முன்னிலை.

கோலைப் பார்த்ததும் வீடியோவை நிறுத்திவிடுபவர்கள் அதிகம். ஆட்டத்தின் சிறந்த பத்து நிமிடம் இனிமேல்தான். பொதுவாக இப்படி முன்னிலை பெற்ற சின்ன அணி என்ன செய்யும்? எல்லோரும் கோல் முன் குவிந்து, பக்கை எட்டி எட்டித் தள்ளும். இங்கே அப்படி நடக்கவில்லை. பின்னால் பதுங்காமல் முன்னேறிப் போய் மறித்தார்கள். உங்கள் ஆட்டத்தை ஆடுங்கள் என்றே புரூக்ஸ் பெஞ்சிலிருந்து திரும்பத்திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பகுதி முழுவதற்கும் சோவியத் ஷாட் 9. முதல் பகுதியில் 18 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஒரு நிமிடத்தில் சோவியத் கோலைக் கவனியுங்கள். ஒரு கோல் பின்தங்கிய அணி, கோல்கீப்பரை வெளியே எடுத்து ஆறாவது ஆட்டக்காரரை இறக்குவது வழக்கம். மிஷ்கின் கடைசிவரை அங்கேயே நிற்கிறார். தீகனோவுக்கு அந்த முறையில் நம்பிக்கை கிடையாது, பயிற்சியில்கூட ஆறுக்கு ஐந்து ஆடியதில்லை என்று அந்த அணியின் செர்கெய் ஸ்தாரிகோவ் பிறகு சொன்னார். எப்போதும் முன்னிலையிலேயே இருக்கும் அணிக்கு அதைப் பழகத் தேவை வந்திருக்காது.

கால் ஏன் தளரவில்லை: நீங்களே ஓடிப் பாருங்கள்

இந்த அணியைத் தேர்ந்தெடுத்தது 1979 கோடையில், கொலராடோ ஸ்பிரிங்ஸில். ஒலிம்பிக்ஸுக்கு முன் 61 ஆட்டங்கள் ஆடவைத்தார் புரூக்ஸ். பயிற்சி முடிவில் கொடுத்த ஓட்டத்துக்குப் பையன்கள் அவர் பெயரையே வைத்து ஹெர்பி என்றார்கள். கோல் கோட்டிலிருந்து அருகிலுள்ள நீலக்கோடுவரை போய்த் திரும்பு, நடுக்கோடுவரை போய்த் திரும்பு, எட்ட நீலக்கோடுவரை போய்த் திரும்பு, மறுமுனைக் கோல் கோடுவரை போய்த் திரும்பு. இது ஒரு ஹெர்பி. எல்லாவற்றையும் நிற்காமல், முழுவேகத்தில்.

பனித்தளம் தேவையில்லை, பள்ளி மைதானம் போதும். தொடக்கக் கோட்டிலிருந்து 18, 27, 37, 55 மீட்டரில் ஒவ்வொரு செங்கல். நான்கையும் போய்த் திரும்பினால் மொத்தம் 274 மீட்டர், ஏழு இடத்தில் திடீர்த் திருப்பம். முதல் நாள் இரண்டு போதும், நடுவில் 2 நிமிட ஓய்வு. முதலில் பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்காவிட்டால் தொடைத்தசை பிடித்துக்கொள்ளும். செங்கல்லைத் தொடக் குனியாமல், முழங்காலை மடக்கித் தாழ்ந்து திரும்புங்கள். நிமிர்ந்தபடியே திரும்பினால் கணுக்கால் பிசகும். ஈரமான புல்லில் வேண்டவே வேண்டாம். முதல் இரண்டு திருப்பம் சுலபம். 37 மீட்டரிலிருந்து திரும்பும்போதுதான் மூச்சு வாங்கும், கால் நீளமாக விழ மறுக்கும். மூன்றாம் பகுதியில் சிவப்புச் சட்டைகள் காலில் தெரிவது அதே கனம்தான்.

அடிக்கடி கேட்கும் தவறுகள்

இது இறுதியாட்டம் அல்ல. பதக்கச் சுற்றில் நான்கு அணி. ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு ஆடிய ஆட்டம் கணக்கு. வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1, முதல் சுற்றில் ஒரே பிரிவில் இருந்து முன்பே ஆடிய ஆட்டமும் சேரும். அன்று இரவு நிலவரம்: அமெரிக்கா 3, சோவியத் 2, ஸ்வீடன் 2, பின்லாந்து 1. பிப்ரவரி 24 அன்று பின்லாந்திடம் அமெரிக்கா தோற்றிருந்தால் தங்கம் கிடைத்திருக்காது, பதக்கமே இல்லாமல் போயிருக்கவும் வாய்ப்புண்டு. 27 விநாடி இருக்கும்போது பேக்கர் அடித்தது அந்த 3-இல் ஒரு புள்ளி. முன்னால் சொன்னதைச் சும்மா தாண்டி வந்திருந்தால் இங்கே கூட்டிப் பாருங்கள்.

வந்தவர்கள் கத்துக்குட்டிகளும் அல்ல. 20 பேரில் 13 பேர் பிறகு என்ஹெச்எல் என்ற வட அமெரிக்கத் தொழில்முறை லீகுக்குப் போனார்கள். கென் மாரோ அதே ஆண்டு நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியோடு அந்த லீகின் ஸ்டான்லி கோப்பையும் வென்றார். இளைஞர்கள், அனுபவம் குறைவு என்பதே சரி.

தேசியக்கொடியைப் போர்த்திக்கொண்டு கிரெய்க் கூட்டத்தில் தன் அப்பாவைத் தேடும் காட்சியைப் பலர் இந்த ஆட்டத்தோடு ஒட்டிவிடுகிறார்கள். அது இரண்டு நாள் கழித்து, பின்லாந்து ஆட்டம் முடிந்த பிறகு. அமெரிக்கச் சட்டை வெள்ளையா நீலமா என்று பார்த்தால் எந்த ஆட்டம் என்று சொல்லிவிடலாம். பின்லாந்தோடு ஆடியது நீலத்தில்.

நேரம் மிச்சமிருந்தால் அந்த ஆட்டத்தின் மூன்றாம் பகுதியையும் பாருங்கள். இரண்டு பகுதி முடிவில் அமெரிக்கா 1-2 என்று மறுபடி பின்தங்கியிருந்தது. வெர்கோட்டா, மெக்லானஹன், ஜான்சன் என மூவர் அடிக்க 4-2. பிறகு பதக்க மேடை. அது கேப்டன் ஒருவர் நிற்பதற்கான அளவு. தேசியகீதம் முடிந்ததும் எரூசியோனி கையசைக்கிறார், மிச்சம் 19 பேரும் அதன்மேல் ஏறுகிறார்கள். ஸ்டாப்வாட்சை எடுத்துவைத்துவிட்டு யார் யார் விளிம்பில் தொங்குகிறார்கள் என்று பாருங்கள்.